கடலோரத்தில் ஒரு வீடு: முல்லைத்தீவுப் பயணக் குறிப்புகள்

திங்கள்: மாங்குளத்திலிருந்து கிழக்கே

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற எங்கள் சனத்திடம் பென்சன் எடுத்த பிறகு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டால், நிறையப் பேர் சொல்வது ஊரில் கடலுக்குக் கிட்ட ஒரு வீடு என்றுதான். முல்லைத்தீவுக்காரருக்கு அந்தக் கடல் சிலாவத்தையாக இருக்கும், இல்லாவிட்டால் அளம்பில். காணித் தரகர்கள் முகநூலில் போடுகிற படங்களும் அதையே காட்டுகின்றன: நீலக் கடல், தென்னை, வெள்ளை மதில், கீழே "ஓய்வுகாலத்துக்கு ஏற்ற அமைதியான சூழல்" என்று ஒரு வரி. அந்த வரி எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்க அக்காவும் நானும் இந்தக் கிழமை புறப்பட்டிருக்கிறோம்.

அக்கா இங்கிலாந்தின் தென்கரையில், ஈஸ்ட்போர்னில், முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை செய்கிறார். வசதியுள்ளவர்கள் வேலை விட்டபின் கடல் பார்த்து வாழக் குடியேறும் ஊர் என்று பெயரெடுத்த இடம் அது. 19ஆம் நூற்றாண்டில் டெவன்ஷயர் பிரபு குடும்பம் திட்டம் போட்டு வளர்த்த ஊர். கடலோர வீதியில் கடை போட விடவில்லை. இன்றைக்கும் அங்கே பெரிய ஹோட்டல்களும் பூந்தோட்டங்களும் வாங்குகளும்தான். அத்தான் அடுத்த வருசம் ஓய்வு பெறுகிறார். அவருடைய சொந்த ஊர் சிலாவத்தை. கடலோடு ஒட்டின காணியாகப் பாருங்கோ என்று அக்காவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் வவுனியாவில் படிப்பிக்கிறேன். ஓகஸ்ட் விடுமுறை, அதனால் கூட வந்தேன்.

முல்லைத்தீவுக்கு ரயில் இல்லை. யாழ்தேவியில் வருகிறவர்கள் மாங்குளத்தில் இறங்கி, மிச்சம் ஏறக்குறைய 50 கிலோமீற்றரை பஸ்ஸிலோ வானிலோ போக வேண்டும். வயது போன பிறகு இங்கே இருக்க நினைக்கிறவர்கள் வீட்டின் படத்துக்கு முதல் இந்தத் தூரத்தைத்தான் யோசிக்க வேண்டும். வீதி இப்போது நல்ல வீதி. இரண்டு பக்கமும் காடு, வெயிலில் காய்ந்து கிடக்கிறது. இருட்டினால் யானை வரும், அதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று சாரதி அவசரப்பட்டார். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயிலடியில் நிற்பாட்டிக் கும்பிட்டோம். பக்கத்தில் கற்சிலைமடு. முல்லைத்தீவில் இருந்த வெள்ளைக்காரரின் கோட்டையைப் பிடித்த வன்னி மன்னன் பண்டாரவன்னியன் 1803 ஒக்டோபரில் தோற்ற இடம் என்று நினைவுக்கல் நிற்கிறது.

செவ்வாய்: பாடும் காணியும்

சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற காலத்தில் கிழக்குக் கடல் அமைதியாகப் படுத்துக் கிடக்கும். விடிய எழும்பிக் கரைக்குப் போனோம். ஒரு பாட்டில், அதாவது வலை இழுக்கிறதுக்கென்று குறித்த கரைத்துண்டில், கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கயிறு, இரண்டு வரிசை ஆட்கள், மீன் சேருகிற வலையின் மடி இன்னும் தூரத்தில். உழவு இயந்திரம் பூட்டி இழுக்கலாமா கூடாதா என்ற வழக்கு இந்தக் கரையில் கனகாலமாக ஓடுகிறது. நாங்கள் நின்ற இடத்தில் கையால்தான் இழுத்தார்கள்.

வரிசையின் கடைசியில் எழுபது தாண்டிய ஒரு ஐயா மணலில் குந்தியிருந்தார். இழுத்து வருகிற ஈரக் கயிற்றை அவர்தான் வாங்கி வளையம் வளையமாக அடுக்குகிறார். ஒரு வளையத்துக்கு மேல் அடுத்த வளையம் அரை முழம் தள்ளி விழுகிறது, கை தானாக ஓடுகிறது. நடுவில் கயிற்றில் நைந்த இடம் ஒன்று கைக்கு அகப்பட்டால் அதில் ஒரு துணித் துண்டைக் கட்டி அடையாளம் வைக்கிறார். அதைக் கண்ணால் பார்க்கவில்லை, விரலால்தான் பிடிக்கிறார். கண்ணில் வெண்படலம்.

"ஐயா, ஒவ்வொரு நாளும் வருவீங்களோ?" என்று அக்கா கேட்டார்.

"வராட்டி ஆள் அனுப்பிப் பாப்பாங்கள் பிள்ளை. வீட்டில சும்மா இருந்தா கால் பிடிச்சிடும்."

மடி கரைக்கு வந்தது. கீரி, சூடை, கொஞ்சம் பாரை. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி கணக்குப் பார்க்க முதல் ஐயாவின் பைக்குள் கறிக்கு மீன் விழுந்தது. அதை யாரும் கொடுத்தமாதிரியும் தெரியவில்லை, அவர் கேட்டமாதிரியும் தெரியவில்லை. அக்கா கனநேரம் அங்கேயே நின்றார். ஈஸ்ட்போர்னில் கரை நெடுகப் போட்ட வாங்குகளில் வயதானவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள், அழகான காட்சிதான், ஆனால் அவர்கள் வரவில்லை என்றால் ஒருவருக்கும் தெரியாது என்றார்.

பத்து மணிக்குத் தரகர் வந்தார். சிலாவத்தையிலிருந்து தெற்கே அளம்பில் வரைக்கும் காட்டினார். படங்களில் பொய் இல்லை. கடல் அப்படியே நீலமாகத்தான் இருக்கிறது, தென்னையும் இருக்கிறது. சிக்கல் காகிதத்தில்.

வன்னியில் நிறையக் காணி உறுதிக் காணி இல்லை, அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி. எங்கள் சனம் பெர்மிட் காணி என்று சொல்லும். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. அதை நினைத்தபடி விற்க முடியாது. வைத்திருக்கிறவருக்குப் பிறகு, பின்னுரித்தாளராகப் பெயர் பதிந்தவருக்குப் போகும், கைமாற்றுவதென்றால் பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும். "எழுதித் தருவினம், பிறகு மாத்தலாம்" என்று யாராவது சொன்னால் காசை மடியில் கட்டிக்கொண்டு திரும்பி வாருங்கள். அடுத்தது குடியுரிமை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் இங்கே காணி வாங்க முடியாது. அக்காவிடமும் அத்தானிடமும் இருப்பது பிரித்தானியக் கடவுச்சீட்டு. 55 வயது தாண்டியவர்கள் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. அதை முதலில் எடுத்துவிட்டுத்தான் காணிப் பேச்சையே தொடங்க வேண்டும்.

பிறகு கடல். சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரைக்கும் கரையோர வலயம். அதற்குள் கட்டுவதென்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் 200 மீற்றருக்குள் வீடே கட்டக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வந்து, பின்னர் தளர்ந்தது. சட்டம் தளர்ந்தாலும் சனம் மறக்கவில்லை. தேத்தண்ணிக் கடையில் இருந்த ஒரு அம்மா, "கரைக்குத் தொழிலுக்குப் போறம், படுக்கிறதுக்கு உள்ளுக்க வந்திடுறம்" என்றார். அந்தக் காலையில் முல்லைத்தீவுக் கரை இழந்த உயிர்கள் ஆயிரக்கணக்கு. கடலோடு ஒட்டின காணி ஏன் இப்போது விலைக்கு வருகிறது என்பதற்கு அந்த அம்மா சொன்னதில் பாதிப் பதில் இருக்கிறது.

புதன்: பூட்டின வீடு

சிலாவத்தையில் அத்தானுக்குத் தெரிந்தவர் ஒருவர் கட்டி வைத்திருக்கிற வீட்டைப் பார்க்கப் போனோம். மாடி வீடு. ஆள் உயர மதில், கமரா, இரும்புக் கேட். வீட்டுக்காரர் வெளிநாட்டில். இரண்டு மூன்று வருசத்துக்கு ஒருதரம் கோடையில் வந்து சில கிழமை இருப்பார்களாம்.

இந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத விரும்புகிறேன். இப்படி ஒன்றைத்தான் எல்லாரும் மனதில் வைத்திருக்கிறார்கள்.

கேட்டின் கீழ்ப்பாதி உப்புக் காற்றில் பொரிந்து செதில் செதிலாக நிற்கிறது. கை வைத்தால் துருப்பொடி கையோடு வருகிறது. உள்ளே மெத்தைகள் கடையில் வாங்கின பிளாஸ்டிக் உறையோடு கிடக்கின்றன. படுக்கையறைகள் எல்லாம் மேல்மாடியில். படிக்குப் பளபளக்கும் ஒட்டுக்கல், கைபிடி ஒரு பக்கம் மட்டும், அதுவும் நடுவில் திரும்புகிற இடத்தில் முடிந்துவிடுகிறது. குளியலறையில் அக்கா வாளியில் தண்ணீர் அள்ளித் தரையில் ஊற்றி, செருப்புக் காலை வைத்து மெல்லத் தேய்த்துப் பார்த்தார். கால் வழுக்கிக்கொண்டு போனது. வாசலில் நாலு அங்குலக் கட்டு. சுவரில் பிடிக்க ஒன்றுமில்லை.

"அறுபது வயசுக்காரர் தங்களை நாப்பது வயசெண்டு நினைச்சுக் கட்டின வீடு இது. இதில ஒருத்தர் விழுந்தா இடுப்பு முறியும். மதிலுக்கு வெளியில சத்தமும் கேளாது" என்றார் அக்கா.

வீட்டைப் பார்க்கிற ஆச்சி பின்பக்கத்தில் தகரம் போட்ட ஒற்றை அறையில் இருக்கிறார். மலசலகூடம் வளவின் மற்ற மூலையில், மணலில் நடந்து போக வேண்டும். இரவில் போகப் பயமாம், பாம்பு. அதனால் மாலைக்குப் பிறகு தண்ணீர் குடிக்க மாட்டார். அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. சீனி வருத்தம் உள்ள மனுசி, இந்த வெக்கையில், தாகத்தோடு படுக்கிறார். வெளிநாட்டுக் காசில் எழும்பின வீட்டில் மூன்று குளியலறை பூட்டிக் கிடக்க.

அவருக்கு வருமானம் வீட்டுக்காரர் அனுப்புகிறதும், 70 வயது தாண்டிய வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு மாதம் கொடுக்கிற 5,000 ரூபாவும். வெளிநாட்டு முதியவர்கள் இங்கே வந்து இருப்பதற்கென்று இலங்கை கொடுக்கும் வதிவிட விசா ஒன்று இருக்கிறது, 'மை ட்ரீம் ஹோம்' என்று பெயர். அதற்கு 15,000 டொலர் வைப்பில் இட்டு, விண்ணப்பிக்கிறவர் மாதம் 1,500 டொலர் கொண்டுவர வேண்டும். ஒரே கரையில் முதுமைக்கு இரண்டு விலை.

ஆச்சி தனியாகத்தான் இருக்கிறார், ஆனால் ஆளில்லாமல் இல்லை. காலையில் பள்ளிக்கூடம் போகிற பக்கத்து வீட்டுப் பிள்ளை வேலிக்கு அங்கால் நின்று "ஆச்சி, எழும்பிட்டீங்களோ?" என்று கூப்பிடும். பதில் வந்தால்தான் சைக்கிள் நகரும். பள்ளி விடுமுறை என்றாலும் வந்து கூப்பிடுகிறது, நாங்களே கேட்டோம்.

இரவு தங்குமிடத்தில் அக்கா ஈஸ்ட்போர்ன் கதை சொன்னார். புருசனும் பெண்சாதியுமாக அறுபதில் வருவார்கள். பத்துப் பன்னிரண்டு வருசம் உண்மையிலேயே நல்ல வாழ்க்கை. காலையில் கடலோர நடை, பின்னேரம் இசை மேடையில் கச்சேரி. பிறகு ஒருவர் போய்விடுவார். பிள்ளைகள் லண்டனில். பழகினவர்களும் ஒவ்வொருவராகப் போவார்கள். அக்கா பார்க்கிற ஒரு கிழவருக்குக் கடல் தெரிகிற அறைதான் வேண்டும் என்று பிள்ளைகள் கூடக் காசு கட்டியிருக்கிறார்கள். அவர் கதிரையைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் இருப்பாராம், யாராவது வருகிறார்களா என்று பார்க்க. அந்த ஊரின் பெயர் பொய் இல்லை. வைத்தியசாலை, நடைபாதை, முதியவர்களுக்கு பஸ்ஸில் இலவசப் பயணம், எல்லாம் உண்டு. மாலை ஐந்து மணிக்குப் பிறகு வருகிற தனிமைக்குத்தான் அங்கே ஒன்றும் இல்லை.

வியாழன்: மாஞ்சோலை, வற்றாப்பளை

காலையில் மாஞ்சோலைக்குப் போனோம். மாவட்ட வைத்தியசாலை அங்கேதான். அரசாங்க வைத்தியம் இலவசம். சீனி, பிரஷர் கிளினிக்குக்கு வந்தவர்கள் கொப்பியும் கையுமாக இருந்தார்கள். கொக்குத்தொடுவாய்ப் பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து வந்த ஒரு தாத்தா சாப்பிடாமல் வந்திருந்தார், இரத்தம் எடுக்கிற நாளாம். தன் கொப்பியைத் தந்து "எழுத்தை வாசி பிள்ளை, என்ன போட்டிருக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

சாதாரண வருத்தத்துக்கு இது போதும் என்பது அங்கே நாங்கள் பேசின எல்லாருடைய சொல்லும். இருதயத்துக்குப் பெரிய சிகிச்சை என்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. நூறு கிலோமீற்றருக்கு மேல். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும். இந்திய உதவியோடு தொடங்கின அந்தச் சேவை 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது, பலர் அதைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்கிறார்கள். ஆனால் கடலோர ஒழுங்கையில் மதிலுக்குள் தனியாக விழுந்து கிடக்கிறவருக்காக அந்த இலக்கத்தை அடிக்க ஒரு ஆள் வேண்டும்.

பின்னேரம் வற்றாப்பளை. நந்திக்கடல் களப்பு ஓரத்துக் கண்ணகி அம்மன். இப்போது கூட்டமில்லை, வைகாசி விசாகப் பொங்கலுக்கு நிற்க இடமிருக்காது. அந்தப் பொங்கலுக்குச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில்தான் கடல் தண்ணீர் எடுப்பார்கள். முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுபோய், அந்த உப்புத் தண்ணீரில் விளக்கெரிப்பார்கள். அத்தான் சின்ன வயதில் அந்த ஊர்வலத்தோடு நடந்தவர். அவர் கேட்கிற "கடலோடு ஒட்டின காணி" எங்கேயிருந்து வருகிறது என்று எனக்கு இங்கே நின்றபோது நன்றாக விளங்கியது. கடற்காட்சிக்காக அவர் அதைக் கேட்கவில்லை.

வெள்ளி: வட்டுவாகல் தாண்டி

வட்டுவாகல் பாலத்தால் மெல்லப் போனோம். ஒடுங்கின, அடிபட்ட பாலம். இரண்டு பக்கமும் நந்திக்கடல். புதிய பாலத்துக்கு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 1,000 மில்லியன் ரூபா ஒதுக்கி, அந்த வருச செப்டம்பரில் வேலையைத் தொடக்கி வைத்தார்கள். பக்கத்தில் கடற்படை முகாம். அது இருக்கிற 617 ஏக்கரில் தங்கள் காணிகளும் அடக்கம் என்று சனம் அளவைக்கு வருகிறவர்களை மறித்து நின்றது பலருக்கு நினைவிருக்கும். கேப்பாப்பிலவுச் சனம் தங்கள் வீட்டு நிலத்துக்காக இராணுவ முகாம் வாசலில் இருந்த போராட்டம் 2017இல் நாடு முழுக்கத் தெரிந்தது. அமைதியான கடலோரம் என்று விற்கப்படுகிற கரையில், அந்த ஊரிலேயே பிறந்த கிழவர்கள் தங்கள் வளவுக்குள் கால் வைக்கக் காத்திருக்கிறார்கள்.

முள்ளிவாய்க்காலில் இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டின வீடொன்றில் அத்தானின் தூரத்துச் சொந்தம், வயதான புருசன் பெண்சாதி. ஐந்தரை இலட்சம் ரூபா உதவியில் எழும்பின வீடு, சுவர் இன்னும் முழுக்கப் பூசவில்லை. வாசல் படி ஒன்றே ஒன்று, பதிவாக இருக்கிறது. அக்கா அதைத்தான் முதலில் கவனித்தார். சுவரில் மகனின் படம். மாலை போடவில்லை. 2009 மே மாதத்துக்குப் பிறகு அவரைப் பற்றித் தகவல் இல்லை. அந்த அம்மா எங்களுக்கு நந்திக்கடல் இறாலில் குழம்பு வைத்துத் தந்து, சாப்பிட்டு முடிகிற வரைக்கும் பக்கத்தில் நின்றார். "பிள்ளை இருந்தா ஏன் எங்களுக்கு இந்தக் கஷ்டம்" என்று ஐயா ஒருதரம் சொன்னார். அதற்கு மேல் நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முதுமையில் பிள்ளை பார்க்கும் என்ற நம்பிக்கையில்தான் எங்கள் ஊர்கள் நின்றன. இந்த மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் அந்தப் பிள்ளையே இல்லை. வெளிநாட்டிலிருந்து திரும்பி வர நினைக்கிறவர்கள் முல்லைத்தீவை ஓய்வுகால ஊர் என்று சொல்லும்போது, இங்கே ஏற்கெனவே ஒரு முதிய தலைமுறை இருக்கிறது, அவர்களை ஒருவரும் அந்தப் படத்தில் சேர்க்கவில்லை என்பதை நான் சொல்லியே ஆகவேண்டும். ஊர்ச் சங்கங்கள் கோயில் வளைவுக்கும் மண்டபத்துக்கும் காசு சேர்க்கிற கெட்டித்தனத்தில் கொஞ்சத்தை இந்தப் பக்கம் திருப்பலாம். உள்ளேயே மலசலகூடம், பிடித்து எழும்ப ஒரு கம்பி, பஸ் நிற்கிற இடத்தில் நிழலும் முதுகு சாய்க்க ஒரு வாங்கும், கிழமைக்கு இரண்டு நாள் வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்க்க சம்பளத்துக்கு ஒரு பிள்ளை. இதெல்லாம் ஒரு மாடிப்படியின் செலவுக்குள் அடங்கும். இருக்கிறவர்களுக்கு இந்த ஊர் வசதிப்பட்டால், வருகிறவர்களுக்கும் அது தானாக வசதிப்படும்.

சனி: முள்ளியவளை

காலையில் தரகருக்கு அக்காவே தொலைபேசி எடுத்துக் கடலோரக் காணி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிறகு முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கம் நடந்தோம். நல்ல தண்ணீர்க் கிணறுகள், மா, பலா. கடை நடை தூரம். மாஞ்சோலை கிட்ட. வேலிகளுக்கு மேலால் ஆட்கள் கதைத்துக்கொள்கிறார்கள். எங்களை நிற்பாட்டி யார் வீட்டுப் பிள்ளைகள் என்று மூன்று இடத்தில் விசாரித்துவிட்டார்கள். சிலருக்கு இது தொந்தரவாக இருக்கும். அக்காவுக்கு அது நன்றாகப் பிடித்துப் போனது.

மத்தியானம் வாட்ஸ்அப்பில் அத்தான்.

"அங்கயிருந்து கடல் தெரியாதே?"

"தெரியாது. ஆட்டோவில போய்ப் பாக்கலாம். உங்களுக்கு நெஞ்சு நொந்தா ஓடிவர நாலு வீடு இருக்கு" என்றார் அக்கா. அவர் கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, பொங்கலுக்குத் தீர்த்தம் எடுக்கிற அன்று கரைக்கு நடந்து போகலாமா என்று கேட்டார். போகலாம் என்றார் அக்கா.

வாங்குவது பிறகு. ஓகஸ்ட் மாத வெயிலில் வந்து பார்த்துவிட்டு முடிவெடுக்க அக்காவுக்கு மனமில்லை. இரட்டைக் குடியுரிமை விண்ணப்பம் முதலில் போகட்டும். கார்த்திகையில் இருவருமாக வந்து, வாடைக்காற்றும் மழையும் வெள்ளமும் நுளம்பும் மின்வெட்டும் எப்படி என்று தை வரைக்கும் வாடகை வீட்டில் இருந்து பார்க்கப்போகிறார்கள்.

சிலாவத்தை ஆச்சியின் அறையோடு சேர்த்து ஒரு மலசலகூடம் கட்ட வீட்டுக்காரர் நேற்றிரவு சம்மதித்துவிட்டார், அக்கா விடாமல் கதைத்த கதையில். மேசனும் பார்த்தாயிற்று, திங்கட்கிழமை வேலை தொடங்குகிறது. முள்ளியவளைப் பக்கம் படி குறைந்த, குளியலறை உள்ளேயே இருக்கிற வாடகை வீடு தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள். கார்த்திகைக்கு முதல் வேண்டும்.